லவோன் விட்ட இடம்

ஆர்டிஸின் விரல்களைப் பார்த்தால் அவளுக்குத் தைக்கத் தெரியும் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் மலைமலையாக உருளைக்கிழங்கு உரித்துக் காய்த்துப்போன விரல்கள், குட்டை, தடி. ஊசியைப் பிடித்தால் ஊசி இருக்கிற இடமே தெரியாது. ஆனால் மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி என்று மூன்றையும் சேர்த்துப் போர்வைக்கு அவள் போடுகிற தையல் இருக்கிறதே, எறும்புச் சாரி தோற்றது. எங்கள் ஊரில் மட்டுமில்லை, ஃபார்கோ நகரம் வரைக்கும் அப்படி ஒரு கை கிடையாது. நான் யாரையும் லேசில் புகழ்கிறவள் இல்லை. பெர்னிஸுக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பெர்னிஸ் நான்தான், சொல்வதும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமைதோறும் சர்ச் அடித்தளத்தில் கூடுவோம். மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால், குனிந்த தலைகளுக்கு நடுவே ஊர்க்கதை எல்லாம் ஓடும். நவம்பர் கடைசியில் வருகிற நன்றி தெரிவிக்கும் நாள் நெருங்கிவிட்டாலே எங்களுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, அந்த வருஷம் தைத்த போர்வைகள் அத்தனையையும் மேலே ஆலயத்தில் ஒவ்வொரு பெஞ்சு முதுகிலும் விரித்துப்போட்டுப் பாஸ்டர் ஆசீர்வதிப்பார். அதற்குப் பிறகுதான் அவை அகதி முகாமுக்கும், பிறந்த குழந்தைகளுக்கும், கல்யாணப் பெண்களுக்கும் போகும். ஒரு பெஞ்சு வெறுமையாக இருந்தால் எங்களுக்கு மானம் போச்சு.

இந்தக் கூட்டத்தில் லவோன் எப்படி வந்து சேர்ந்தாள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். படியில் இறங்கும்போதே அவள் குரல் முன்னால் இறங்கிவிடும். தைக்கிற லட்சணமோ, ஒவ்வொரு தையலும் ஒரு கோதுமை மணி நீளம். கோடு நேராகவும் போகாது.

"ஏன்டி லவோன், இந்தப் போர்வைய மூடிட்டுப் படுத்தா உன் வீட்டுக்காரன் கால் நகம் தையல்ல மாட்டிக்கும்டி" என்பாள் ஹேஸல்.

"மாட்டட்டுமே. ராத்திரி எந்திரிச்சுப் போய் ஃப்ரிட்ஜத் திறக்காம கெடப்பான்ல!"

எல்லாரும் சிரிப்போம். ஆர்டிஸ் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது லவோன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

தையல்கூடப் பரவாயில்லை, அவள் போடுகிற முடிச்சுதான் தாங்கமுடியாது. புதிதாக வருகிற யாருக்கும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: நூல் நுனியில் முடிச்சுப் போட்டு, ஊசியைத் துணியில் செலுத்தி, வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு உள்ளே போய்ப் பஞ்சில் ஒளிந்துகொள்ளும். மேலே எதுவும் தெரியக்கூடாது. லவோன் சுண்டமாட்டாள். அவள் தைத்த இடமெல்லாம் முடிச்சுகள் கடுகு சிதறினாற்போல் மேலேயே நிற்கும். எத்தனை தடவை சொன்னாலும், "எனக்கு அதெல்லாம் வராதுடி" என்று கையை விரித்துவிடுவாள்.

இரண்டரை மணிக்கு பஸ் எடுக்க அவள் கிளம்பியாக வேண்டும். அவளுடைய பூட்ஸ் சத்தம் படியேறி அடங்கினதும் ஆர்டிஸ் எழுந்துபோய் அவள் நாற்காலியில் உட்காருவாள். மேலே நிற்கிற முடிச்சைப் பிடித்து இழுப்பாள். நூல் மொத்தமும் சமர்த்தாக உருவிக்கொண்டு வந்துவிடும். அந்த இடத்தைப் புதிதாகத் தைப்பாள். பல வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் இதே கதை. லவோனுக்கு மட்டும் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவகிட்ட சொல்லித் தொலையேன், ஆர்டிஸ். காபி ஊத்தட்டும், ஊசில நூல் கோத்துத் தரட்டும். உனக்கு எதுக்கு ரெட்டை வேலை?"

"அவ இங்க உக்காரட்டும்" என்றாள் ஆர்டிஸ். அவ்வளவுதான் பதில். அவள் வீட்டுக்காரன் மைலோவும் அவளை மாதிரியே. அந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான்.

எண்பத்து மூன்றில் லவோனின் மகள் கார்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. புது வருஷம் பிறந்ததும் கல்யாணம். எங்கள் வழக்கப்படி போர்வை நாங்கள்தான் தைக்கவேண்டும். நடுவில் எட்டு முனை வைத்த பெரிய நட்சத்திரம், சிவப்பும் நீலமும். சட்டத்தில் கட்டின அன்றைக்கே லவோன் அறிவித்துவிட்டாள்.

"நடு நட்சத்திரம் மொத்தமும் நான்தான் தைப்பேன். கார்லாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். ஒருத்தியும் கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹேஸல் என் காதில், "இருக்கவே இருக்கு ரெண்டரை மணி" என்றாள்.

முதல் செவ்வாய் லவோன் வழக்கமில்லாத வழக்கமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் ஒரு முனையைத் தைத்துவிட்டுப் போனாள். பூட்ஸ் சத்தம் அடங்கியது. ஆர்டிஸ் போய் உட்கார்ந்து, முடிச்சைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நீட்டின கை நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். விரலால் தடவினாள். என்னவோ ஏதோ என்று நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன்.

தையல் அதே கோணல் தையல்தான். ஆனால் மேலே ஒரு முடிச்சுகூட இல்லை. எல்லாம் சுத்தமாகச் சுண்டி உள்ளே தள்ளப்பட்டிருந்தன. எங்களில் யாரும் அதைவிட நன்றாகச் செய்யமுடியாது.

புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்குச் சுண்டத் தெரியாமல் இல்லை. தான் போன பிறகு ஆர்டிஸ் பிரிப்பாள் என்று தெரியும். பிரிக்கிறவளுக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று இத்தனை வருஷமாக முடிச்சை மேலேயே விட்டு வைத்திருக்கிறாள். நாங்கள் கேலி பேசினோமே, அதையும் வாங்கிக்கொண்டு சிரித்தாள். இந்த நட்சத்திரம் மட்டும் பிரிக்கக்கூடாதது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வேண்டியிருக்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா இவ..." என்று ஹேஸல் இழுத்தாள்.

"காபி ஆறுது" என்றாள் ஆர்டிஸ். கத்தரியை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள். காபி குடிக்கவும் வரவில்லை. அந்த முனையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நன்றி தெரிவிக்கும் நாளைக்கு மறுநாள், ரொட்டிக்கு உருளைக்கிழங்கு மாவு பிசைந்துகொண்டிருந்த லவோன் அடுப்படியிலேயே விழுந்தாள். பக்கவாதம். உயிர் தப்பியது பெரிய விஷயம் என்று ஃபார்கோ ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வலது கை கிடந்த இடத்தில் கிடந்தது. பேச்சு குழறியது. நட்சத்திரத்தில் மூன்று முனை முடிந்திருந்தது, நாலாவது பாதியில் நின்றிருந்தது.

கார்லா ஆர்டிஸுக்கு ஃபோன் பண்ணி அழுதிருக்கிறாள். "அம்மாக்கு வார்த்தை வரல, ஆன்ட்டி. ஆனா இடது கையால காத்துல நட்சத்திரம் வரைஞ்சு வரைஞ்சு காட்டறா. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அடுத்த செவ்வாய் சட்டத்தைச் சுற்றி ஒரே விவாதம். நான் மனதில் பட்டதைச் சொன்னேன். "பாதி அவளோடது, பாதி நம்மளோடதுன்னு விட்டா பாக்கவே கண்றாவியா இருக்கும். பேசாம பிரிச்சுட்டு மொத்தமும் ஒரே மாதிரி தைச்சுடலாம்."

"பிரிக்கக்கூடாது" என்றாள் ஆர்டிஸ். "மிச்சத்த நான் தைக்கறேன். அவ தைக்கற மாதிரி."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணலாக ஒரு தையல் போட்டு அறியாத கை அது. பழகிப் பார்க்கிறேன் என்று ஒரு கந்தலை எடுத்துத் தைத்தாள். கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அப்போதும் நேர்தான்.

"உருப்படாம தைக்கறதுக்கு என்னைக் கேளுடி, நான் சொல்லித் தரேன்" என்று சீண்டினேன். அவள் காதில் வாங்கவில்லை. எழுந்துபோய் லவோனின் நாற்காலியை இழுத்துப் போட்டு, லவோன் உட்காருகிற மாதிரியே சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஊசியை எடுத்தாள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தையல் நீண்டது, கோடு நெளிந்தது. வெறுமனே கோணல் இல்லை, லவோனின் கோணல். வாரம் தவறாமல் ஒருத்தியின் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, அந்தக் கை எங்கே தயங்கும், எங்கே ஓடும் என்று மனப்பாடமாகியிருந்தது. தைத்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

"இங்க ஹேஸல் ஏதாவது சொல்லியிருப்பா. இவ சிரிச்சிருப்பா." கோடு சட்டென்று ஒரு பக்கம் விலகியது.

"இங்க மணி ரெண்டேகால். கடிகாரத்தப் பாத்திருப்பா." தையல்கள் ஒவ்வொன்றாக நீள ஆரம்பித்தன.

"இங்க மழை. பஸ்ஸ நெனச்சிருப்பா."

எல்லாரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டோம். நான் உட்பட. தட்டில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. லவோன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இங்கே எங்கள் கண்ணெதிரே அவள் கை துணிமேல் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷமாக மேலே ஆலயத்தில் பாட்டும் ஜெபமுமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அடித்தளத்தில் அன்றைக்கு வந்த பயபக்தி எனக்கு மேலே ஒருநாளும் வந்ததில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஆர்டிஸ் முடிச்சுகளை உள்ளே தள்ளவில்லை. எல்லாம் மேலேயே நின்றன.

"ஆர்டிஸ், முடிச்சு வெளிய நிக்குதுடி. இந்த நட்சத்திரத்துல லவோனே உள்ளதான தள்ளியிருக்கா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நிக்கட்டும்."

அவளிடம் அதற்குமேல் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு வெளியே மூச்சு உறைகிற குளிர். உள்ளே, கிறிஸ்துமஸை எதிர்பார்த்து ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிவந்த நாலு மெழுகுவர்த்தியும் எரிந்தன. பெஞ்சுக்குப் பெஞ்சு போர்வைகள்: சிவப்பு, மஞ்சள், பச்சை. அந்த வெள்ளைச் சுவர் ஆலயம் அன்று ஒருநாள் மட்டும் கல்யாண வீடாகிவிடும். வருஷாவருஷம் பார்க்கிறேன், அலுத்ததே இல்லை. முதல் பெஞ்சில் கார்லாவின் நட்சத்திரம். ஆராதனை முடிந்ததும் கார்லா தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அதன் முன்னே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

லவோன் பாதி முகத்தால் சிரித்தாள். இடது கையை எடுத்து நட்சத்திரத்தின் மேல் வைத்தாள். கண்ணாலேயே முனைமுனையாகப் போனாள், சுற்றி வந்தாள், மறுபடி சுற்றினாள். தேடுகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்தது.

"எங்கம்மா நிறுத்தின? எந்த எடம்?" என்று கார்லா குனிந்து கேட்டாள்.

லவோன் கண்ணைச் சுருக்கித் துணியருகே குனிந்து பார்த்தாள். தலையை ஆட்டினாள். தன் தையல் எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

கையை நகர்த்தினபோது அவள் விரலில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. நின்றாள். விரலை நகர்த்தினாள், இன்னொன்று. அடுத்து இன்னொன்று. நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஆர்டிஸிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஆர்டிஸ் தன் ஆயுளிலேயே அதிகமாகப் பேசியது அன்றைக்குத்தான். "கை சரியானதும் அதப் பிடிச்சு இழு. மொத்தமும் வந்துடும். அப்புறம் நீயே தைச்சுக்க. வாக்குக் குடுத்தவ நீதான? உன்னோடத நான் தொடல. அது அப்படியே இருக்கு."

கார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். ஹேஸல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கண்ணாடி பனிமூட்டமாகிவிட்டது. குளிரினால் என்று சொல்லிக்கொள்கிறேன்.

லவோனின் வாய் கோணிக் கோணி ஒரு வார்த்தையைத் தேடியது. நாங்கள் காத்திருந்தோம்.

"உள்ள" என்றாள். மூச்சு வாங்கினாள். "உள்ள... தள்ளுடி."

எங்களுக்குப் புரிவதற்குள் ஆர்டிஸுக்குப் புரிந்துவிட்டது. கோட்டு மடிப்பில் எப்போதும் குத்தி வைத்திருக்கிற ஊசியை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு தரையில் மண்டியிட்டு, முதல் முடிச்சை ஊசிமுனையால் நெம்பிப் பஞ்சுக்குள் தள்ளினாள். லவோன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தாள். அடுத்தது. அதையும் தடவிப் பார்த்தாள். இனி அந்தத் தையலை யாரும் உருவமுடியாது.

கடைசி முடிச்சு வந்தபோது லவோன் இடது கையை நீட்டினாள். ஆர்டிஸ் ஊசியைக் கொடுத்தாள். அந்தக் கைக்குப் பழக்கமில்லை. ஊசி வழுக்கியது, இரண்டு தடவை கீழே விழுந்தது. ஆர்டிஸ் எடுத்து எடுத்துக் கொடுத்தாள், முடிச்சில் மட்டும் கை வைக்கவில்லை. கீழேயிருந்து காபி மணம் வந்துவிட்டது. முடிச்சு உள்ளே போகிறவரைக்கும் நாங்கள் ஒருவரும் நகரவில்லை.