அடையாற்றின் வாய் திறக்கிறது

அடையாறு கடலில் சேரும் இடத்தில் நிற்கிறேன். மணல்மேடு ஆற்றின் வாயை அடைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் மீனவர் குடிசைகளுக்குள் புகுந்திருக்கிறது. மேட்டை வெட்டும் மீனவர்களோடு, சைதாப்பேட்டையிலிருந்து வந்த சலவைக்காரர்களும் மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருக்கிறது. வாய் திறந்தால், வெள்ளம் வடிந்தபின் கடல்நீர் ஆற்றில் ஏறி, அவர்கள் துவைக்கும் துறை உப்பாகிவிடுமே!

சலவைக்காரர் முனுசாமியிடம் கேட்கிறேன்.

"உப்பாவும்தான் நைனா. அதுக்கு இன்னா பண்றது? கையில கீற துணியெல்லாம் நாங்க அலசி முடிக்கட்டும்னு நேத்து பூரா இவங்க வெட்டாம இருந்தாங்க. இவங்க வூட்ல முழங்கால் தண்ணி. கொயந்தைங்கள தோள்ல வச்சிகினு நின்னாங்க. இன்னிக்கு நாங்க வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

வெட்டிய கால்வாய் கடலை நெருங்குகிறது. ஒரு சாண் மணல்தான் பாக்கி. மீனவர் தலைவர் எல்லோரையும் நிறுத்திவிட்டு முனுசாமியைக் கூப்பிடுகிறார்.

"கடைசி வெட்டு நீ போடு. ஒன் தண்ணிதானே போவுது."

முனுசாமி தயங்குகிறார். பிறகு ஓங்கி வெட்டுகிறார். ஆறு சீறிக்கொண்டு கடலுக்குள் பாய்கிறது. தடுமாறும் அவரை மீனவர்கள் பிடித்துக் கரையேற்றுகிறார்கள்.

குடிசைகளைச் சூழ்ந்த தண்ணீர் மெல்ல இறங்குகிறது. சலவைக்காரர்கள் புறப்படுகிறார்கள். "சோறு துன்னாம போவக்கூடாது" என்று ஒரு மீனவப் பெண் முனுசாமியின் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொள்கிறாள்.