மழை கேட்கும் கோப்பு

நாற்பத்தொரு கோப்புகளுக்கும் ஒரே தேதி. மூன்று தடவை பார்த்தேன்.

ஆவணியில் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு குழறியதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை அவள் குரலைப் பதிவு செய்துவந்தேன். அவள் சொன்ன முதல் வார்த்தையே கோப்பின் பெயர். தேதியைக் கணினி வைத்துக்கொள்ளும் என்று நம்பினேன். புது டிஸ்க்குக்கு நகலெடுத்தபோது, பழைய தேதியைக் காக்கும் ஓர் எழுத்தைக் கட்டளையில் சேர்க்க மறந்தேன். பழைய டிஸ்க்கை அழித்தும் விட்டேன்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். "பேச்சு கூடி வருதா, குறைஞ்சு வருதான்னு வரிசையா கேக்கணும் சாரே. குறையுதுன்னா உடனே ஸ்கேன்" என்று சொல்லியிருந்தார். கூடவே இருக்கும் எனக்கு அது தெரியவில்லை.

முப்பது வருடம் சி மொழியில் நிரல் எழுதிப் பிழைத்தவன் நான். கோப்பின் பெயரையும் ஒரு தேதியையும் கொடுத்தால் யூடைம் என்ற ஃபங்ஷன் கோப்பின் தேதியை மாற்றிவிடும். எந்தத் தேதியைக் கொடுப்பது? குழறல் அதிகமானவற்றை முன்னாலும் தெளிவானவற்றைப் பின்னாலும் வைத்து ஓட்டினேன். நாற்பத்தொரு தடவையும் பூஜ்யம் வந்தது. பிழை இல்லை என்று பொருள். பொய்த் தேதியா என்று அது கேட்பதில்லை. திரையில் அவள் வாராவாரம் குணமாகிக்கொண்டிருந்தாள்.

இரண்டு கோப்புகள் உறுத்தின. சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடப்பதற்காக விமான நிலையத்தை மூடும் நாள்களில், பக்கத்தில் ஸ்ரீவராகத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மேல் விமானச் சத்தமே இராது. வருடத்தில் இரண்டே நாள்: ஐப்பசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. ஒரு கோப்பில் "ப்ளேன் இல்லே, காதுக்கு நிம்மதி" என்கிறாள். மற்றதில் "ப்ளே... ப்ளே..." மட்டும். தெளிவாகச் சொன்னதை நான் பங்குனியில் வைத்திருந்தேன்; அதில் பின்னால் ஐப்பசி மழைபோல் கொட்டுகிறது.

"பங்குனியிலயும் மழை பெய்யுமே" என்று வாய்விட்டே சொன்னேன்.

கட்டிலில் இருந்தவள் மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினாள். கேட்டாள்.

"இது... மொதல்ல."

"இல்லேடி. நீ நன்னா பேச ஆரம்பிச்சப்பறம்."

இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "அசடு... தீபா... வளி... வேஷ்டி... நனை..."

கொடியில் கிடந்து அந்த ஐப்பசி மழையில் நனைந்த என் தீபாவளி வேஷ்டி. அன்று அதை எடுக்க மறந்ததும் நான்தான்.

தெளிவானவை முன்னால், குழறல் பின்னால் என்று வரிசையைத் தலைகீழாக்கி ஓட்டினேன். மறுபடியும் பூஜ்யங்கள்.

மறுநாள் டாக்டர் வரிசையாகக் கேட்டு, பத்தாவது கோப்பில் நிறுத்தினார். "மதி சாரே, போதும்" என்று மலையாளம் கலந்து சொல்லி ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பதினேழு நாற்காலிகள் இருந்தன. எண்ணி முடித்தேன். கதவு திறக்கவில்லை. மறுபடி எண்ணினேன்.