கொடி இறக்கும் நேரம்

வில்லி டாம்கோர் டென்மார்க்கின் ஃபூன் தீவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாமதமாக ஓடிவரும் பயணிக்குக் கதவைத் திறக்கவே மாட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு. அது பொய். திறப்பார், திறந்துவிட்டு அடுத்த நிறுத்தம் வரை திட்டிக்கொண்டே வருவார்.

பக்கத்து வீட்டு ப்ரெபென் ஒரு தடவை, கல்யாண நாளுக்காகத் தோட்டத்தில் ஏற்றிய கொடியைச் சூரியன் மறைந்த பிறகும் இறக்க மறந்துவிட்டார். இருட்டில் கொடி பறந்தால் சாத்தானுக்கு வணக்கம் வைத்ததாக அர்த்தம். டென்மார்க்கில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து வில்லி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னய்யா ப்ரெபென், உன் பெரியவர் சௌக்கியமா?" என்பார்.

"எந்தப் பெரியவர்?"

"கீழ நெருப்பு மூட்டிக்கிட்டு இருக்காரே, அவர்தான்."

முப்பது வருடமாக இதே கேலி. ப்ரெபென் பாவம், திருப்பிக் கேலி செய்ய அவருக்கு ஒருநாளும் ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட வில்லி, தன் எழுபதாவது பிறந்தநாள் காலையில் ஊர் வழக்கப்படி கொடியேற்றிவிட்டு, காபி மேஜைக்கு வருவதற்குள் மூச்சுத் திணறி விழுந்தார். நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. பக்கத்தில் ஓர் எந்திரம் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பல ஊர்களில் குழாய் போட்டவரை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள். இந்த மருத்துவமனையில் வலிக்கு மட்டும்தான் மருந்து, ஆளை விழித்திருக்க விடுவார்கள். விழித்திருந்தால்தான் எந்திரத்திலிருந்து சீக்கிரம் மீளலாம் என்பது ஒரு கட்சி. அந்த விழிப்பே சித்திரவதை என்பது எதிர்க்கட்சி. வில்லிக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. கொடி இன்னும் கம்பத்திலேயே இருக்கிறது என்பது மட்டும்தான் அவர் தலைக்குள் ஓடியது.

கட்டிலைத் தட்டினார். குழாயைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். பேனா கொடுத்தார்கள், கோழி கிளறியது போல ஏதோ கிறுக்கினார். மறுநாள் சாயங்காலமும் அதே ரகளை.

மகள் ரிக்கெ உடைந்துபோனாள். "டாக்டர், அப்பா படற பாட்டை என்னால பார்க்க முடியல. தயவுசெஞ்சு தூங்க வெச்சிடுங்க."

டாக்டர் யெப்பெ நல்ல மனிதர்தான். அவரும் தயங்கித்தான் பேசினார். "குழாயைப் பிடுங்கிட்டார்னா உயிருக்கே ஆபத்து. கொடுத்துடலாம்னுதான் எனக்கும் தோணுது, சோல்வை."

நர்ஸ் சோல்வை நகரவில்லை. "கொடுத்தா நமக்கு அமைதி. அவருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுதா?"

"கேட்டுட்டுத்தானே இருக்கோம்? பதில் வரலையே."

"அப்போ நாம கேக்கற விதம் சரியில்ல. இன்னும் ஒரு தடவை விடுங்க."

வில்லிக்கு எல்லாம் காதில் விழுந்தது. தூங்க வைத்தால் மறுபடி எழுந்திருப்போமா? சாத்தானுக்கு வணக்கம் வைத்தபடியேவா போய்ச் சேர வேண்டும்? பயத்தில் அவருக்குக் கண்ணீர் வந்தது.

சோல்வை அவர் கையைப் பிடித்தாள். "வில்லி, ஆமான்னா அழுத்துங்க. வலிக்குதா?" அழுத்தவில்லை. "வெயில் இறங்கினதும்தான் இந்தத் தவிப்பு வருது. வீட்டுல எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

அழுத்தினார்.

"அடுப்பா? நாயா?" இல்லை. அவள் அவருடைய மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பிறந்த தேதியைப் பார்த்தாள். "பிறந்தநாள் அன்னிக்கே வந்திருக்கீங்க... ஐயய்யோ, கொடியா?"

அழுத்தியவர் விட்ட பாடில்லை. அவளுடைய விரல்கள் வெளுத்துப்போயின.

ரிக்கெ உடனே ப்ரெபெனுக்குப் போன் போட்டுக் கொடியைப் பற்றிக் கேட்டு, போனை அப்பாவின் காதருகே பிடித்தாள். "கொடியா? அன்னிக்குச் சாயங்காலமே இறக்கிட்டேனே! மடிச்சு என் அலமாரியில வெச்சிருக்கேன். தரையில படலைன்னு அந்த ஆளுக்குச் சொல்லு."

வில்லியின் உடம்பு தளர்ந்தது. எந்திரத்தோடு சண்டை போடாமல் மூச்சு விட்டார். டாக்டர் ஊசித்தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தார். "இதை முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கணும். முழிச்சிருக்கணும்னா என் கையை அழுத்துங்க."

"ஐயோ, போதும் போதும்!" என்று டாக்டர் கையை உதறினார். அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள், ரிக்கெ அழுதுகொண்டே.

வில்லிக்குக் குழாயை எடுத்துச் சில நாட்கள் கழித்து, வீடு திரும்பும் வழியில் ரிக்கெ காரை ஓரங்கட்டினாள். "நான்தான்பா தூங்க வைக்கச் சொன்னேன்."

"தெரியும். முழிச்சுத்தானே இருந்தேன்." அவர் குரல் இன்னும் கரகரத்தது. "பாசத்துலதானே சொன்னே, கழுதை. வண்டியை எடு."

சோல்வைக்கும் மகளுக்கும் தான் பட்ட கடனை நினைத்து வழியெல்லாம் நெஞ்சு நிறைந்திருந்தது.

வீட்டில், அவருடைய கம்பத்தில் கொடி பறந்துகொண்டிருந்தது. ப்ரெபென்தான் ஏற்றியிருந்தார். சாயங்காலம் இருவரும் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"ஏன்யா, அன்னிக்கு அதை அப்படியே விட்டிருக்கலாமே? முப்பது வருஷக் கேலிக்கும் சேர்த்து வட்டியோட வசூலிச்சிருக்கலாம்."

ப்ரெபென் காபியைக் கிளறினார். "நீ திரும்பி வரலைன்னா, யார்கிட்டய்யா சொல்லிச் சிரிக்கறது?"

"நன்றிடா" என்றார் வில்லி.

வெயில் சாய்ந்ததும் அவர் எழுந்து கயிற்றை அவிழ்த்தார். கைகளில் இன்னும் பலம் வரவில்லை. கொடி கிடுகிடுவென்று இறங்கியது. தரையில் படுவதற்கு முன்பே ப்ரெபென் அதைக் கைகளில் ஏந்திக்கொண்டார்.