தட்டில் மிதந்த புழுக்கள்

இருசம்மாளுக்குத் தன் வாயின்மேலேயே அருவருப்பு. ரிஷிவந்தியத்துப் பக்கம் களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கூலிக்குப் போகிறவள். சாணி, சேறு எதற்கும் முகம் சுளித்ததில்லை. அவள்தான் இப்போது சொந்த எச்சிலை விழுங்கக் கூசினாள்.

வலி வலது கன்னத்தில். முகம் கழுவினாலோ, பஸ் ஜன்னல் காற்று பட்டாலோ, ஒரு வாய் களி மென்றாலோ போதும், கரண்ட் அடித்ததுபோல் சுளீரென்று இழுக்கும். கொஞ்ச நேரம்தான், அதற்குள் உயிர் போய்வரும். பல்லில் புழு என்றது ஊர். புருஷன் சின்னக்கண்ணு புழு எடுக்கிறவளிடம் கூட்டிப்போனான். அவள் தண்ணீர்த் தட்டின் நடுவே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து, அதன்மேல் கண்டங்கத்திரி விதையைப் போட்டு, ஓட்டைச் சட்டியால் மூடி, புகையை வாய்க்குள் ஏற்றினாள். சட்டியைத் தூக்கினால் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். சின்னக்கண்ணு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்றிலிருந்து இருசம்மாள் கை பட்ட சோற்றை அவன் தொடவில்லை. பேத்தி தனுஷாவைத் தூக்கப் போனால், "புழு வாய வெச்சிகினு கொழந்தைய தொடாத" என்பான். வலியாவது வந்து போனது, இந்தப் பேச்சு நாள் முழுக்கக் கூடவே இருந்தது. பேத்தியைக் கொஞ்சினால் போதுமென்று இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். வலி அப்படியே இருந்தது.

மூன்றாவதைப் பிடுங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பல் டாக்டரம்மா பல்லைத் தட்டிப் பார்த்தார், வலிக்கவில்லை. மூக்கோரம் பஞ்சால் லேசாகத் தொட்டார்; இருசம்மாள் அலறிவிட்டாள்.

"பல்லு நல்லா இருக்கும்மா. இது முகத்து நரம்பு வலி. புடுங்கின ரெண்டும் வீண்."

"அப்ப அந்தப் புழு?"

"பல்லுல புழுவே கிடையாது. அது விதைக்குள்ள இருக்கிற முளை. சூட்டுல வெடிச்சுத் தண்ணியில விழுந்திருக்கும்."

சின்னக்கண்ணுவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்து, நரம்புக்கான மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் வலி அடங்கியது.

ஒருநாள் சின்னக்கண்ணு பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "ஏம்மே, உன் கையால ஒரு கருவாட்டுக் கொழம்பு வையேன். துன்னு எம்மா நாளாச்சி!"

இருசம்மாளுக்கு அவன்மேல் அருவருப்பு வந்தது. புழுத் தட்டைப் பார்த்தபோதுகூட இவ்வளவு வரவில்லை.

"யோவ், புழு இல்லன்னதும் நாக்கத் தொங்கப் போட்டுகினு வர்றியே. நெசமாவே புழு இருந்திருந்தா என்னிய இன்னா பண்ணியிருப்ப?"

அவள் குழம்பு வைத்தாள். தனுஷாவை மடியில் உட்காரவைத்து ஊட்டினாள், இருக்கிற பல்லால் தானும் மென்று தின்றாள். அவனுக்கு எடுத்து வைக்கவில்லை.