பசியில்லாத பாக்டீரியாவும் பாட்டில் அக்காவும்

பத்தொன்பது வருஷமாக அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி, பாக்டீரியாவுக்குத் தீனி காய்ச்சி வந்தவளை எல்லாரும் பாட்டில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலை பார்த்த இடத்துக்குக் கழுவறை என்று பெயர்.

அங்கே வளர்த்த பாக்டீரியா தனி ரகம். தண்ணீரில்லாமல் வாடும் செடி வேர் வழியாக ஒருவகைச் சர்க்கரையைக் கசியவிடும். அதை மோப்பம் பிடித்ததும் பாக்டீரியா பச்சையாக ஒளிரும். இதைச் சொல்லியே இயக்குநர் நாலு நாடு சுற்றி வந்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை ஒளி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. இயக்குநர் ஒரு குழு போட்டார். குழு ஒரு துணைக்குழு போட்டது. பாக்டீரியாவுக்கு மன உளைச்சல் என்று ஒருவர் நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார்.

அக்காவுக்குக் காரணம் தெரியும். "பாவம், நோஞ்சானா இருக்கு, குளுக்கோஸ் கலந்து குடுங்க" என்று போன வெள்ளிக்கிழமை உத்தரவு போட்டதே இயக்குநர்தான். தேதியோடு நோட்டில் குறித்திருந்தாள். நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், குளுக்கோஸ் போட்டதுலேர்ந்துதான் இப்படி. நோகாம சாப்பாடு கிடைச்சா இதுங்க வேற எதையும் ஏறெடுத்துப் பாக்காது. வேர்ச் சர்க்கரை பக்கத்துலயே இருந்தாலும் கண்டுக்காது."

"அதெல்லாம் மூலக்கூறு அளவுல நடக்குற விஷயம்மா."

"சரி சார், அந்த அளவுலயும் வயிறு ரொம்பித்தானே இருக்கு?"

அவர் கண்ணாலேயே கதவைக் காட்டினார்.

வீட்டில் பஸ் டிரைவரான கணவன் அலுத்துக்கொண்டான். "உனக்கெதுக்கு வம்பு? சொன்னதைக் காய்ச்சி வச்சிட்டு வா."

"நீ தப்பான ரோட்டுல போறப்ப கண்டக்டர் விசிலடிச்சா நிறுத்த மாட்டியா?"



மறுநாள் குளுக்கோஸ் இல்லாமல் ஒரு பாட்டில் காய்ச்சி, ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்தாள். அவள் அதில் பாக்டீரியாவை வளர்த்து வேர்ச் சர்க்கரையைச் சேர்த்தாள்; சாயங்காலத்துக்குள் பச்சை ஜொலித்தது. "அக்கா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள் அந்தப் பெண்.

இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தது. இயக்குநரின் உள்ளுணர்வால் கண்டறியப்பட்ட உண்மை என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், மாணவி அடம்பிடித்துச் சேர்த்த ஒற்றை வரி, எழுத்துப் பிழையோடு: 'எங்கள் கழிவறைப் பணியாளருக்கு நன்றி.'

திருத்தச் சொல்லி அக்கா அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் கட்டுரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அச்சில் வந்தது பொய்யாகுமா? மூன்று மாடிக் கழிவறைச் சாவிகளையும் அவள் கையில் திணித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அக்கா மாடியேறிப் போய்ச் சாவிக்கொத்தை இயக்குநர் மேஜையில் வைத்தாள்.

"அவசரத்துக்கு யார் வந்தாலும் நீங்களே குடுத்துடுங்க சார். உங்க உள்ளுணர்வுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

பதினோரு மணிக்கெல்லாம் அவர் அறை வாசலில் ஏழு பேர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆள் மேனேஜர்.