நாலு நிமிஷ அட்டை

அந்த பாய்லர் தொழிற்சாலையில் படக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். ஆளைப் பிடிக்கிற படமல்ல. கனத்த இரும்புக்குழாய்ப் பற்றவைப்புக்குள்ளே புகுந்து விரிசலைப் பிடிக்கிற படம். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட ஆள், முப்பத்தோரு வருஷத்தில் ஒரு விரிசலைக்கூடத் தப்பவிட்டதில்லை. இதைக் கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்லட்டுமே, வேறு யாரால் சொல்ல முடியும்?

இந்த மாதம் அவருடைய படங்கள் வெளிறி வந்தன. வியாபாரப் படிப்பு படித்துவிட்டு வந்த மேனேஜர் பிலிமைத் தூக்கிப் பார்த்தார்.

"கண் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க பெரியவரே. திங்கக்கிழமைல இருந்து கேட்ல ரெஜிஸ்டர் பாத்துக்கோங்க."

படக்காரருக்குத் தெரியும். கோளாறு கண்ணில் இல்லை, பெட்டியில். அந்தக் கனத்த பெட்டிக்குள் மிளகளவு கதிரியக்க இரிடியம். அதன் அணுக்கள் ஒருநிலையில் நில்லாதவை. எது எப்போது சிதையும் என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டமாகப் பார்த்தால் எழுபத்து நாலு நாளில் பாதி தீரும், மிச்சத்தில் பாதி அடுத்த எழுபத்து நாலில். சிதையும்போது பீட்டாக் கதிரும் காமாக் கதிரும் கிளம்பும். பீட்டாவை உலோக உறையே விழுங்கிவிடும். காமாதான் இரும்பைத் துளைத்துப் போய்ப் பிலிமைக் கறுக்க வைக்கும். ஆல்ஃபா என்று இன்னொன்று உண்டு. ஒரு தாளே அதை மறித்துவிடும், அதை நம்பி இந்தப் பிழைப்புக்கு வர முடியாது.

பெட்டி வந்து ஐந்து மாதம். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் கதிரை விட வேண்டும் என்று எழுதி, வந்த அன்று சுவரில் மாட்டிய அட்டை மட்டும் இன்னும் 'நாலு நிமிஷம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டியின் பலம் கால்வாசி ஆகிவிட்டதால் இப்போது பதினாறு வேண்டும். மூன்று தடவை போய்ச் சொன்னார். முதல் தடவை மேனேஜர் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டார். இரண்டாம் தடவை, சிதைந்தது பெரும்பாலும் பிளாட்டினமாகிறது என்றதும் விற்கலாமா என்றார். மூன்றாம் தடவை, ஒரு பற்றவைப்புக்குப் பதினாறு நிமிஷம் விட்டால் வேலை படுத்துவிடும் என்று கையை விரித்தார்.

வீட்டில் புலம்பியபோது மனைவி சிரித்தாள். "பாதி பாதியா கரையிறது பெட்டி மட்டுமா? உங்க பொறுமையுந்தான்."

சனிக்கிழமை, வெளிறிய படத்தை வைத்து மேனேஜர் தேர்ச்சி போட்ட ஒரு பற்றவைப்பையே மறுபடி படம் எடுத்தார். கயிறு கட்டி ஆட்களை விலக்கி, சுவருக்குப் பின்னால் கதிர் அளக்கும் மீட்டரோடு நின்று, முழுசாகப் பதினாறு நிமிஷம் விட்டார். நாலு நிமிஷம் தாண்டியதிலிருந்து சூப்பர்வைசர் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கழுவி எடுத்த பிலிமில் மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு. விரிசல்.

விளக்குப் பலகையில் அதை வைத்ததும் மேனேஜர் கிட்டே குனிந்து பார்த்தார். அவரைக் கேட்டுக்கு மாற்றிய உத்தரவைக் கிழித்தார். பிறகு மார்க்கரால் நாலை அடித்துப் பதினாறு என்று எழுதி, அட்டைக்குக் கண்ணாடித்தாள் உறையும் போடச் சொன்னார்.

"இனிமே யாருக்கும் குழப்பம் வராது, அண்ணே."

"நாளைக்கே இது தப்பாயிடும் சார்."

"அட, விடுங்க. நீங்க கேட்டதுதானே?"

திங்கட்கிழமை முதல் படத்துக்குப் படக்காரர் பதினாறேகால் நிமிஷம் விட்டார். கால் நிமிஷம் கூடிப்போனதற்காக, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார்.