ஆயிரத்து நானூறு ரூபாய் ரேசர்

எலியேசர் ஒரு ரூபாயை வெளியே எடுக்குமுன் மூன்று தடவை யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் தேவாலயத்து அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில், கடையில் முந்நூற்றைம்பதுக்குக் கிடைக்கிற ரேசரை ஆயிரத்து நானூறுக்கு எடுத்தார் என்றால் பாளையங்கோட்டையில் யார்தான் சும்மா இருப்பார்கள்? பேட்டரி போட்டுப் பித்தானை அமுக்கினால் கைப்பிடியெல்லாம் அதிர்கிற ரேசர். கத்தாரிலிருந்து வந்த யாரோ காணிக்கையாக வைத்தது.

நடந்தது இதுதான். பேட்டையில் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் இரும்பு கடைந்த அவருடைய வலது கை, ஆறு மாதமாகத் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி ஷேக் மைதீனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே மெஷினை விட்டு இறக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? சுற்றுகிற இரும்புக்குப் பக்கத்தில் நடுங்குகிற கையை எவன் விடுவான்? ஆனால் மகள் டார்லின் நாகர்கோவிலில் நர்சிங் படித்து முடிக்க இன்னும் பத்து மாதம் இருந்தது. அதுவரைக்கும் கையை ஒளிக்க வேண்டும். கோயிலில் பைபிளுக்கு அடியில் வைத்தார். பஸ்ஸில் சட்டைப் பைக்குள் திணித்தார். பட்டறையில் முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் பயந்து பயந்து வேலை பார்த்தார்.

ஏலத்தன்று வேர்வை துடைக்கக் கையை எடுத்தார். அது முகத்துக்கு நேரே நின்று ஆடியது. ஏலம் விட்ட எஸ்றா, "எலியேசர் அண்ணாச்சி எண்ணூறு!" என்று கூவிவிட்டார். நான் ஏலம் கேட்கவில்லை என்று சொன்னால், பின்னே ஏன் கையை ஆட்டினீர் என்பார்கள். வாயை மூடிக்கொண்டார். வேறொருவர் தொகையை ஏற்ற, பதற்றத்தில் கை இன்னும் ஆட, ஆயிரத்து நானூறில் மூன்றாம் தரம் விழுந்தது. மனைவி பாக்கியவதி வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள்தான் ஏமாந்ததிலும் லாபம் உண்டு என்று தெரிந்தது. அதுவரை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சவரம் செய்தவர், முற்றத்தில் கண்ணாடியை மாட்டித் தைரியமாக நின்றார். அடுத்த வீட்டு எஸ்றா எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"கையா ஆடுது? மிஷின்லாவே ஆடுது!"

பட்டறையிலும் அதன் புகழ் பாடினார். அவர் பேச்சை நம்பி முதலாளியும் ஒன்று வாங்கி, ஒரே வாரத்தில் சலித்துக்கொண்டார். "என்னவே எலியேசர், இருவது ரூவா ரேசர் வழிக்கதத்தான் இதும் வழிக்கி. வெறும் சத்தத்துக்கா அம்புட்டுத் துட்டு?"

எலியேசர் சிரித்து மழுப்பினார். அந்தச் சத்தம்தானே அவருக்கு வேண்டியிருந்தது.

டிசம்பரில் ஒரு காலை, பாதிக் கன்னம் வழித்திருந்தபோது சத்தம் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. கை நிற்கவில்லை. கண்ணாடியில், காப்பி டம்ளரோடு பாக்கியவதி பின்னால் நிற்பது தெரிந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். ரேசரைப் பைய வாங்கி, மீதிக் கன்னத்தைத் தானே வழித்துவிட்டாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"ஏலத்தன்னைக்கே தெரியும். கீரைக்கட்டுக்கு ஒரு ரூவா பேரம் பேசுத ஆளு, தெரிஞ்சேவா ஆயிரத்து நானூறுக்குக் கையத் தூக்குவிய?"

அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. இனி ஒளிக்க வேண்டாம். "இன்னைக்கே மொதலாளிகிட்டச் சொல்லிருதேன். ஆஸ்பத்திரிக்கும் போவோம்" என்றார்.

பாக்கியவதி உள்ளே போய் டிவி ரிமோட்டை எடுத்து வந்து, அதன் பேட்டரியைக் கழற்றி ரேசரில் போட்டாள்.

"வெள்ளிக்கிழமை டார்லின் லீவுக்கு வாரா. நர்சுக்குப் படிக்க பிள்ள, பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவா. படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போறேன்னு நிப்பா." பித்தானை அமுக்கினாள். "இன்னும் எட்டு மாசம்லா. அவ இருக்க நாளெல்லாம் அவ கண் முன்னாலயே வழிங்க."

ஓடுகிற ரேசரை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். வழிக்க முகத்தில் ஒரு மயிர் மிச்சமில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.